மழையைச் சொல்லும் மொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இத்தீவில் குடியேறிய நம்மவர் அண்டை வீட்டாரோடு முதன்முதலிற் பேசக் கற்பது வானிலையைப் பற்றித்தான். இராமநாதபுரத்தில் ஐப்பசி வரை மழைக்கு ஏங்கியவர்களுக்கு இங்கே வைகாசியிலேயே மழை தொடங்கிவிடுகிறது. மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர்! துணி உலர்த்தும் தாய்மார்களுக்கு வேலியோரம் நின்று பேச வேறு பொருளும் வேண்டுமோ?

அந்தப் பேச்சு நடப்பது இந்துஸ்தானியில். 1858இல் இங்கே கைதிகளின் குடியிருப்பு தொடங்கியபின், பல மாகாணத்தவரும் கலந்து பேச அதுவே பொதுமொழியாயிற்று. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரின் கடைத்தெருவில் இன்றும் கேட்பது அதன் வழிவந்த இந்தியே.

நமக்கு மழை 'பெய்கிறது'. அவர்களோ 'பாரிஷ் ஹோ ரஹீ ஹை' என்பர். மழை 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்பது அதன் பொருள். நமக்கு வெயில் 'அடிக்கிறது'. அவர்களுக்கு அது 'வெளியே வருகிறது'. (நம் ஊர்ச் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் 'அடிக்கிறது' என்பதே சரியென்பர்.) ஸ்பானிய மொழியினர் 'அசே கலோர்' என்று, வெப்பம் 'செய்கிறது' என்பர், செய்வது யாரென்று கேட்டால் விடையில்லை! காலத்திற்கும் வானிலைக்கும் அவர்களிடம் 'தியெம்போ' என்னும் ஒரே சொல்தான். இந்தியின் 'மௌசம்' என்பதும் பருவம், வானிலை இரண்டையும் குறிக்கும் அரபுச் சொல். 'மான்சூன்' பிறந்ததும் அதிலிருந்துதான்.

குளிரில் மட்டும் நமக்கு எளிது. 'எனக்குக் குளிர்கிறது' என்னும் அதே அமைப்பில் 'முஜே தண்ட் லக் ரஹீ ஹை' என்று சொல்லிவிடலாம்.

வேலியோரப் பேச்சிலே பிழை நேர்ந்தால் சிரிப்போடு போய்விடும். கடலோரத்தில் அப்படிப் போகாது. புயற்காலத்தில் வரும் எச்சரிக்கையை எண்ணிப் பாருங்கள்: மீனவர்கள் 'சமுத்ர மேன் ந ஜாயேன்'. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பது பொருள். தமிழில் மறுப்பு வினையோடு ஒட்டி, 'செல்லாதீர்' என்று இறுதியில் வந்து நிற்கும். நம் செவி அதற்காகவே காத்திருந்து பழகியது. இந்தியிலோ வினைக்கு முன்னே 'ந' என்ற ஓரெழுத்து நொடியில் வந்து போகிறது. சமுத்திரம் தெரியும், 'ஜாயேன்' தெரியும். இடையில் நின்ற ஓரெழுத்தைக் காற்றிரைச்சல் விழுங்கிவிட்டால், போகாதே என்பது போ என்றாகிவிடுமன்றோ?

ஆடவரும் பிள்ளைகளும் வேலையிடத்திலும் பள்ளியிலும் இதைக் கற்றுவிடுகின்றனர். பகலில் வீட்டில் தனித்திருக்கும் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே வரும் வைகாசிக்கு முன், ஞாயிறு மாலைகளில் நம் பிள்ளைகளே அவர்களுக்கு வானிலைச் சொற்களைக் கற்பிக்க வேண்டுகிறேன். முதற் பாடம் அந்த 'ந' ஆகட்டும். விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.