சுவரைப் பூசினா போதாது, குழாயைப் பார்க்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பைப் பத்தியும் வங்கிக் கடனைப் பத்தியும் நல்லா பேசறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. நான் வீட்டு விஷயம் ஒண்ணு பேச வந்திருக்கேன். சுவருக்குள்ள போற தண்ணிக் குழாய் கசிஞ்சா நாம என்ன செய்யணும்ங்கறதுதான் அது. இது ஆம்பளைங்க பாக்கற வேலைதானேன்னு சிலர் நினைக்கலாம். ஆனா சுவர் ஈரமாகுறதை முதல்ல பாக்கறது யாரு? அடுப்படியில நிக்கற நாமதான். அரிசி மூட்டை அடியில ஈரம் ஏறினா அதை நகர்த்தறதும் நாமதான். கொத்தனாருக்குக் குடுக்கற காசு நம்ம சிறுவாட்டுல இருந்தோ, குழு உள்கடன்ல இருந்தோதான் போகுது. அதனால இது நம்ம விஷயம்.

முதல்ல, ஈரம் எங்க இருந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கணும். எல்லா ஈரமும் குழாய்க் கசிவு இல்ல. மழை பெய்ஞ்சா மட்டும் மேல இருந்து கீழ இறங்கினா, அது கூரைத் தளத்துல இருந்து வர்ற தண்ணி. தரையில இருந்து சுவர் நீளத்துக்கும் முழங்கால் உயரம் வரைக்கும் ஒரே மாதிரி ஏறினா, அது தரை ஓதம். குளிச்சு முடிச்ச பிறகு மட்டும் ஈரம் கூடினா, அது கழிவுத் தண்ணி போற பைப்பு. சித்திரை வெயில்லயும் காயாம, ஒரே இடத்துல பூரி மாதிரி வட்டமா ஆரம்பிச்சு, நாளுக்கு நாள் பெருசாயிட்டே போனா அதுதான் சந்தேகப்பட வேண்டிய ஈரம். சுண்ணாம்பு பொரிஞ்சு உதிரும், வெள்ளையா உப்பு பூக்கும், கை வெச்சா ஜில்லுன்னு இருக்கும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஈரச் சுவர்ல சுவிட்ச் பெட்டியோ, உள்ள போற ஒயரோ இருந்தா முதல்ல மெயினை நிறுத்துங்க. நிறுத்தின பிறகுதான் சுவரைத் தொடணும். தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா வயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் மெயினைப் போடாதீங்க, பிள்ளைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க. தண்ணி போனா காசுதான் போகும், கரண்டு அப்படி இல்ல.

அடுத்து டேங்க் சோதனை. காசு செலவில்லாதது. ராத்திரி எல்லாரும் படுக்கறப்போ வீட்டுல எல்லாக் குழாயையும் மூடிடுங்க. மோட்டார் போடக்கூடாது, டேங்க்குக்குப் புதுத் தண்ணி ஏறக்கூடாது. டேங்க்ல தண்ணி எந்த உயரத்துல நிக்குதுன்னு ஒரு குச்சி விட்டு அளந்து, மணியையும் குறிச்சுக்கங்க. காலையில யாரும் குழாய் திறக்கறதுக்கு முன்னாடி திரும்ப அளங்க. இறங்கியிருந்தா எங்கேயோ தண்ணி போகுது. கக்கூஸ் பிளஷ் டேங்க்ல ஒழுகினாலும் இறங்கும், அதனால அதுக்குப் போற வால்வையும் மூடிட்டுப் பாருங்க.

எவ்வளவு போகுதுன்னும் கணக்குப் போடலாம். நேரா நிக்கற 1000 லிட்டர் டேங்க்ல தண்ணி 100 செ.மீ. உயரம் நிக்கும்னா, ஒரு செ.மீ.க்கு 10 லிட்டர். பத்து மணி நேரத்துல 4 செ.மீ. இறங்கினா 40 லிட்டர் போயிருக்கு. ஒரு முழு நாளைக்கு 96 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு வெச்சிருக்காங்க. அப்போ கிட்டத்தட்ட ரெண்டு பேரோட பங்கை அந்தச் சுவர் குடிச்சிட்டு இருக்கு. அதை மேல ஏத்த ஓடற மோட்டார் கரண்டும் சேர்த்துதான் நஷ்டம்.

இந்த 4 செ.மீ. கணக்கு நான் சும்மா சொன்னது இல்ல. எங்க குழுவுல நடந்தது. ரெண்டு அக்காங்க, அடுத்தடுத்த வீடு, நடுவுல ஒரே பொதுச் சுவர். பேரு வேண்டாம், ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருக்காங்க, சொல்லச் சொல்லி சம்மதமும் குடுத்திருக்காங்க. மேற்கு வீட்டு அக்காவோட உள் அறைச் சுவர் ஈரமாச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினாங்க. ரெண்டு மாசத்துல திரும்பப் பொரிஞ்சது. மறுபடி கொத்தி, தண்ணி தாங்கற மருந்து கலந்து பூசினாங்க. ரெண்டு தடவைக்கும் சேர்த்து 6000 ரூபாய், குழுவுல வாங்கின உள்கடன். மூணாவது தடவையும் ஈரம் வந்தப்போ பேச்சு வேற மாதிரி போச்சு. "உன் வீட்டுத் தண்ணிதான் என் சுவரை அரிக்குது"ன்னு இவங்க. "என் குழாயெல்லாம் அந்தக் கடைசியில இருக்குது, இந்தப் பக்கம் பைப்பே கிடையாது, வந்து பாரு"ன்னு அவங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆனா குழுக் கூட்டத்துல ஆளுக்கொரு மூலையில உக்கார ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் வர்றதில்ல. கூட்டத்துக்கு ஆள் குறைஞ்சது, உள்கடன் தவணையும் ரெண்டு மாசம் நின்னு போச்சு.

எங்க குழுவுல சித்தாள் வேலைக்குப் போற ஒரு அக்கா இருக்காங்க. பதினஞ்சு வருஷமா கலவை தூக்கி, பைப்பு வேலையெல்லாம் பக்கத்துல நின்னு பாத்தவங்க. அவங்கதான், "சண்டை எதுக்கு, டேங்க்கைக் கேளுங்க, அது சொல்லும்"னாங்க. முதல் ராத்திரி மேற்கு வீட்டு டேங்க்கை அளந்தோம். அசையல. ரெண்டாவது ராத்திரி கிழக்கு வீடு. 4 செ.மீ. இறங்கியிருந்தது. பாத்தா, கிழக்கு வீட்டு மாமியார் காலத்துல அந்தப் பொதுச் சுவர் ஓரமா துவைக்கிற கல்லும் ஒரு குழாயும் இருந்திருக்கு. பின்னாடி அங்க அறை கட்டினப்போ குழாயைக் கழட்டி, ஒரு இரும்பு பிளக்கைத் திருகி, மேல பூசி மூடிட்டாங்க. மருமகளா வந்த அக்காவுக்கு அது தெரிய வழியே இல்ல. உள்ள பைப்புல தண்ணி நின்னுட்டேதான் இருந்தது. பிளக்கு துருப்பிடிச்சு கசிஞ்சிருக்கு. தண்ணி கிழக்கு வீட்டுத் தண்ணி, தப்பு யாரோடதும் இல்ல.

இனி சரி பண்ற முறை. எங்களுக்கு அந்த சித்தாள் அக்கா காட்டிக் குடுத்ததை வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, ஈரம் தெரியற இடத்துலதான் ஓட்டை இருக்கும்னு நினைக்கக் கூடாது. தண்ணி உள்ளுக்குள்ள கீழ இறங்கி வந்துதான் வெளியே தெரியும். அதனால ஈரத்துக்கு மேல பாருங்க. நடு பைப்பு அவ்வளவு சீக்கிரம் ஓட்டை ஆகாது. எல்போ, டீ, குழாய் திருகற மரை, இந்த இணைப்புகள்லதான் முதல்ல கசியும்.

ரெண்டு, டேங்க் கேட் வால்வை மூடிட்டு, கீழ இருக்கற குழாயைத் திறந்து பைப்புல நிக்கற தண்ணியை வடிச்சிடுங்க. கேட் வால்வே சரியா மூடலைன்னா அதை முதல்ல மாத்தணும்.

மூணு, சுவரைத் திறக்கறது. பெரிய சம்மட்டி வேண்டாம். சின்ன உளி, சுத்தியல் போதும். உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு, பூச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். நேரா குத்தினா நல்ல பைப்பும் போயிடும். மண் சுவர், பழைய சுவர்னா நாமளா கொத்தக் கூடாது, தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான் செய்யணும்.

நாலு, பைப்பு என்ன வகைன்னு பாக்கணும். பழைய வீட்டுல இரும்பு. வெள்ளையா இருந்தா யு.பி.வி.சி., இளமஞ்சளா சந்தனக் கலர்ல இருந்தா சி.பி.வி.சி., சுடுதண்ணி தாங்கறது இதுதான். ஒவ்வொண்ணுக்கும் சொல்யூஷன் தனித்தனி. கடையில வெட்டின துண்டைக் காட்டி, அரை இஞ்சா முக்கால் இஞ்சான்னு சொல்லி அதுக்கு ஏத்ததைக் கேட்டு வாங்குங்க.

அஞ்சு, கெட்ட பாகத்தை ஆக்ஸா பிளேடால நேரா அறுத்து எடுக்கணும். எங்க விஷயத்துல வேண்டாத அந்தக் கிளையை டீயோட எடுத்துட்டு, நடுவுல ஒரு துண்டு வெச்சு ரெண்டு கப்ளிங் போட்டாங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ரெண்டு பக்கமும் பைப்பு சுவருக்குள்ள இறுகி இருந்தா துண்டு உள்ள போகாது. பைப்பு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கற அளவுக்கு இன்னும் ஒரு சாண் சுவரைத் திறந்தாகணும். அறுத்த வாயில பிசிறு இல்லாம உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஈரம் துளியும் இல்லாம துணியால துடைக்கணும். ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் பிடிக்காது. பைப்புலயும் கப்ளிங் உள்ளயும் சொல்யூஷன் தடவி, கால் சுத்து திருப்பி அழுத்தி, அரை நிமிஷம் கையை எடுக்காம பிடிக்கணும். சொல்யூஷன் சட்டுன்னு தீப்பிடிக்கும், அதனால பக்கத்துல அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கணும்.

மரையில கசிஞ்சா பழைய டேப்பை முழுசா எடுத்துட்டு, மரை ஏறுற பக்கமாவே புது டேப்பைச் சுத்தித் திருகணும். எதிர்ப்பக்கம் சுத்தினா திருகறப்போ உருவிக்கும். களிம்பு பிசைஞ்சு மேல அப்புறது ரெண்டு நாள் தாங்கறதுக்குத்தான், அதை உள்ள வெச்சு சுவரைப் பூசக் கூடாது.

ஆறு, இதுதான் முக்கியம். உடனே பூச விடாதீங்க. டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காயவிட்டு, அப்புறம் வால்வைத் திறந்து, ஒரு முழு நாள் சுவரைத் திறந்தபடியே வெச்சிருங்க. இணைப்பைச் சுத்தி நல்லா துடைச்சிட்டு காய்ஞ்ச கோலமாவைத் தூவுங்க. ஊசி முனை அளவு கசிஞ்சாலும் மாவு நனைஞ்சு நிறம் மாறிடும். ராத்திரி டேங்க்கையும் திரும்ப அளங்க. எங்களுக்கு மறுநாள் காலையில குச்சியில போட்ட கோட்டுலயே தண்ணி நின்னது. ரெண்டு அக்காங்களும் மாடியில ஒண்ணா நின்னு அந்தக் குச்சியைப் பாத்தாங்க.

ஏழு, பூச்சு. உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. பூசின இடத்தை ஒரு வாரம் நனைச்சு வெக்கணும். பெயிண்ட்டுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு பாலிதீன் தாளைச் சுவர்ல நாலு பக்கமும் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்தா சுவர் இன்னும் காயல.

அந்த வேலைக்கு சாமான் 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. அதைக் கிழக்கு வீட்டு அக்கா குடுத்தாங்க. பூச்சுச் செலவை ரெண்டு வீடும் பாதிப் பாதி போட்டுக்கிட்டாங்க. நின்ன தவணையும் திரும்ப வர ஆரம்பிச்சது. 300 ரூபாய் வேலைக்கு 6000 ரூபாய் கடன் ஆச்சே, அதுதான் என் மனசுல நிக்குது. பூசறவர்கிட்ட கேட்டா பூசத்தான் செய்வார். குழாயைப் பாருங்கன்னு சொல்றதுக்கு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

வீடு கட்டறவங்க, புதுசா பைப்பு போடறவங்க இதைக் கேட்டுக்கங்க. பூசறதுக்கு முன்னாடி பைப்பு போற பாதையை செல்போன்ல படம் எடுத்து வையுங்க. தரையில இருந்து எத்தனை அடி, வாசல்ல இருந்து எத்தனை அடின்னு ஒரு நோட்டுல வரைஞ்சு, வீட்டுப் பத்திரத்தோட வையுங்க. நம்ம மருமகளும் மகளும் நாளைக்கு அதைப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. அடுப்படி, குளியலறை, வாசல் குழாய்னு தனித்தனி வால்வு கேளுங்க. ஒண்ணு கெட்டா வீடு முழுக்கத் தண்ணி நிறுத்த வேண்டியதில்ல.

கடைசியா, கூட்டமைப்புக்கு எங்க குழு சார்பா ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, உளி, சுத்தியல், ஆக்ஸா பிளேடு, பைப்பு ரெஞ்ச், டேப்பு எல்லாம் அடங்கின ஒரு கருவிப் பெட்டியைக் கூட்டமைப்புப் பணத்துல வாங்கி, பதிவேட்டுல எழுதி, கேக்கற குழுவுக்குக் குடுத்து வாங்கணும். ரெண்டு, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல இலவசமா தொழில் பயிற்சி குடுக்கறாங்க, குழாய் வேலையும் அதுல உண்டு. இந்த வருஷம் பயிற்சிக்கு ஆள் அனுப்பறப்போ தையலுக்கும் அழகுக்கலைக்கும் மட்டும் பேர் எழுதாம, குழாய் வேலைக்கும் ரெண்டு பேரை எழுதுங்க. எங்க சித்தாள் அக்கா பேரை முதல் பேரா எழுதணும்னு கேட்டுக்கறேன். பதினஞ்சு வருஷம் பக்கத்துல நின்னு பாத்த வேலைக்கு அவங்க கையில ஒரு சான்றிதழ் வரட்டும். ஊர்ல யார் வீட்டுச் சுவர் நனைஞ்சாலும் அவங்களைக் கூலி குடுத்துக் கூப்பிடலாம்.

இதைத் தீர்மானமா நிறைவேத்தணும்னு கேட்டுக்கறேன்.