கடல் விலகிப் போன கொற்கை



தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினால் உப்பளங்களைத் தாண்டிப் பழையகாயல் வரும். அங்கிருந்து மேற்கே, தாமிரபரணி பாயும் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் இருக்கிறது கொற்கை. சில தெருக்கள், ஒரு பெரிய குளம், முதிர்ந்த ஒரு வன்னி மரம், பழைய கோயில்கள். இன்றைய ஊர் இவ்வளவுதான்.

பாண்டியரின் பெருந்துறைமுகம் இதுதான் நேயர்களே! சங்கப் புலவர்கள் பாடியது இந்த ஊர் முத்தை. பாண்டியன் ஆட்சிக்குட்பட்ட இந்தக் கரையில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளித்ததாகக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ சொல்கிறது. அது கி.பி. முதல் நூற்றாண்டு நூல்.

1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. பானை ஓடுகள், உறைகிணறு, அறுத்த சங்குத் துண்டுகள் எல்லாம் வெளிவந்தன. குழியில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் காலம் கி.மு. 785 என்று தெரிந்தது.

இத்தனை பெரிய பட்டினத்தைப் படையெடுத்து வந்து யாரும் அழிக்கவில்லை. வளர்த்த ஆறே அதைத் தூர்த்துவிட்டது. வெள்ளத்துக்கு வெள்ளம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கியது. கடல் கிழக்கே ஒதுங்கியது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர் நிலம்.

கப்பல்கள் காயலுக்கு, அதாவது இன்றைய பழையகாயலுக்கு மாறின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலில் வந்து நின்றதை எழுதிவைத்தார். அந்தக் காயலும் பின்னர் தூர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழறிஞர் கால்டுவெல் அங்கே போனபோது, தரையெங்கும் சிதறிக் கிடந்த ஓடுகளில் சீனப் பீங்கான் துண்டுகளையும் கண்டார். வணிகமும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பும் கடைசியில் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. 1961க்குப் பிறகு இங்கே சலாபமும் நடக்கவில்லை. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று.

நேயர்களே, திருச்செந்தூர் போகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிக் கொற்கையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய ஓடு, காசு, செங்கல் எது தட்டுப்பட்டாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். கொற்கையின் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் உங்கள் வயலுக்கு அடியில்தான் இருக்கிறது.