நடவாத சண்டைகள்

வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இரு வீரரை ஒரே களத்தில் நிறுத்தி, வெற்றி யாருக்கு என்று வழக்காடுவதில் மனிதருக்குத் தணியாத ஆசை உண்டு. இதிகாசக் கதை கேட்டு வளர்ந்த சிறுவன், வாலியும் வீமனும் மோதினால் என்னாகும் என்று கேளாமல் இருப்பதில்லை. யுகமே வேறு என்று பாட்டி சொன்னால் அவன் அடங்கிவிடுவானா? அதே கேள்வியை வளர்ந்தவர்கள் குத்துச்சண்டை வீரரைப் பற்றிக் கேட்கிறார்கள். குறிப்பாக, ஹெவிவெயிட் என்னும் மிகுபாரப் பிரிவின் உலகச் சாம்பியன்களில் தலைசிறந்தவர் ஜோ லூயியா, ராக்கி மார்சியானோவா, முகமது அலியா, மைக் டைசனா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் கல்லாறு என்னும் சிற்றூர் வருகிறது. உருண்டு வழவழத்த பாறைகளுக்கிடையே ஆறு ஓடுகின்ற ஊர். மலைமேல் தேயிலைத் தோட்டங்கள் இருப்பதால் அங்குள்ள தேநீர்க் கடையில் மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். இவ்வழக்கை அங்கேயும் கேட்டேன். டைசன் முன்னிலையில் அலி மூன்று சுற்றுக்கூடத் தாங்கமாட்டார் என்று ஓர் இளைஞர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறுகோடியில் இருந்த முதியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீ எந்த அலியைச் சொல்லுகிறாய்? நான் மெட்ராசில் பார்த்த அலியையா?" என்று கேட்டார்.

மிக நுட்பமான கேள்வி அது. 1980ஆம் ஆண்டு அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று இரு பக்கமாகப் பிரிந்து குத்துச்சண்டையை வளர்த்த நகரம் சென்னை. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தால் அதை அறிந்தவர் இன்று பலர். வட சென்னையின் பழைய ரசிகர்களுக்கோ அது தங்கள் தெருவின் வரலாறு. அத்தகைய ஊரார் கண்டது, ஓய்வு பெற்றுவிட்ட 38 வயது அலியை. 1966ஆம் ஆண்டு நவம்பரில் ஹூஸ்டன் நகரில் கிளீவ்லாந்து வில்லியம்சை மூன்றாம் சுற்றில் வீழ்த்திய அலி வேறு. அவர் கால்கள் தரையில் பாவியதாகவே தெரியாது. வியத்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 முதல் மூன்றாண்டுக்கு மேல் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு, பின் 1974இல் கின்ஷாசாவில் கயிற்றின்மேல் சாய்ந்து அடிகளை வாங்கியே ஜார்ஜ் போர்மனை ஓயவைத்த அலி இன்னொருவர். பெயர் ஒன்று, வீரர் மூவர். இம்மூவரில் எவரை டைசன் முன் நிறுத்துவது?

இரு காலங்கள் மெய்யாகவே மோதிய சண்டையும் ஒன்றுண்டு. ஜோ லூயி 1937 முதல் 1949 வரை சாம்பியனாயிருந்து, பட்டத்தை 25 முறை காத்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பின்னரும் வருமானவரிப் பாக்கி அவரைக் களத்துக்கு இழுத்துவந்தது. 1951 அக்டோபர் 26 அன்று, 37 வயது லூயியை 28 வயது மார்சியானோ எட்டாம் சுற்றில் கயிற்றுக்கு வெளியே விழும்படி அடித்தார். வென்றவரே கண்ணீர் விட்டதாகச் சொல்வர். ஆயினும், லூயியைவிட மார்சியானோ பெரியவர் என்று இச்சண்டையைக் காட்டி வாதிட எவரும் துணிவதில்லை. 1938 ஜூன் 22 அன்று ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் சாய்த்த லூயி அன்று களத்தில் இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

எடையும் விதியும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் முறுகும். 49 சண்டைகளில் 49 வெற்றி கண்ட மார்சியானோவின் எடை ஏறத்தாழ 84 கிலோதான். இன்றைய விதிப்படி 90.7 கிலோ வரை குரூசர்வெயிட் என்னும் தனிப் பிரிவே இருக்கிறது. ஷ்மெலிங்கை வென்ற அன்று லூயியுங்கூட அவ்வெல்லைக்குச் சற்றுக் கீழேதான் நின்றார். அவர்கள் எதிரே 206 சென்டிமீட்டர் உயரமுள்ள டைசன் பியூரியை நிறுத்துவது நியாயமா? சரி, நிறுத்துவோம்; எத்தனை சுற்று? இன்று பட்டச் சண்டைக்குப் பன்னிரண்டு சுற்று. லூயியின் காலத்தில் பதினைந்து. 1889இல் ஜான் சல்லிவன் வெறுங்கையால் கில்ரெயினை வென்றபோது 75 சுற்று நடந்தது! என்னைக் கேட்டால், 1966ஆம் ஆண்டு அலியைப் பதினைந்து சுற்றுக்குள் எந்தக் காலத்தவரும் பிடித்திருக்க முடியாது. இதை மறுப்போர் எனக்குக் கடிதம் எழுதத் தேவையில்லை, கல்லாற்றிலேயே மறுத்துவிட்டார்கள்.

இவ்வழக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தவரும் உண்டு. 1967இல் அமெரிக்காவில் மரி வொரோனர் என்பவர், எல்லாக் காலத்துச் சாம்பியன்களையும் மோதவிட்டு ஒரு வானொலித் தொடர் நடத்தினார். வல்லுநர்கள் கூறிய மதிப்பீடுகளைக் கணிப்பொறிக்கு ஊட்டி, அது தந்த முடிவை நேரில் கண்ட சண்டைபோல் வருணித்து ஒலிபரப்பினார்கள். இறுதியில் ஜாக் டெம்ப்சியை மார்சியானோ வென்றார். அலி இடையிலேயே ஜிம் ஜெப்ரீசிடம் தோற்றுப்போனார். பட்டத்தையும் உரிமத்தையும் இழந்து வருமானமின்றி இருந்த அலி, தம் பெயர் கெட்டதென்று பத்து இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. அதன் பயனாக 1969இல் அலியும் மார்சியானோவும் மயாமி நகரில் காமிராவின் முன் பல சுற்றுகள் ஆடினார்கள். மார்சியானோ உடல் இளைத்து, தலைக்குப் பொய்முடி தரித்து வந்தார். முடிவுகள் பலவும் படமாக்கப்பட்டன. 1969 ஆகஸ்டு 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ மாண்டார். 1970 ஜனவரியில் திரையிடப்பட்ட படத்தில், பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியிலோ அலி வென்றார்! மனிதர் ஊட்டியதையே அந்தப் பொறி திருப்பித் தந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அந்தக் கணிப்பொறி அலபாமாவில் செய்யப்பட்டதாயிருக்கும் என்று அலி நகையாடினார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

நகைச்சுவைதான், ஆயினும் அதனுள் ஒரு முள் இருக்கிறது. பாரதத்தில் அரங்கேற்றக் களத்தில் கர்ணன் அர்ச்சுனனை அறைகூவி அழைத்தபோது நடந்ததை நினைவுகூருங்கள். கிருபாசாரியார் எழுந்து, "உன் குலம் என்ன?" என்று கேட்டார். இருவரும் ஒரே காலத்தவர், ஒரே களத்தில் நின்றவர்கள். அன்று அந்தப் போட்டி நடக்கவில்லை. காலம் பிரித்த வீரருக்காக நாம் கற்பனையில் களம் அமைக்கிறோமே, காலம் ஒன்றாயிருந்தும் பிரித்துவைக்கப்பட்டவர் கதை என்னாவது?

பீட்டர் ஜாக்சன் என்னும் கருப்பின வீரர் ஆஸ்திரேலியாவின் சாம்பியன். 1891 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்று ஆடினார். வெற்றி தோல்வியின்றிச் சண்டை நின்றது. அடுத்த ஆண்டு அதே கார்பெட் சல்லிவனை வென்று உலகச் சாம்பியனானார். சல்லிவனோ கருப்பரோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி ஜாக்சனை ஒதுக்கியவர். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்சை வென்று ஜாக் ஜான்சன் முதல் கருப்பின ஹெவிவெயிட் சாம்பியனானார். 1915இல் அவர் தோற்றபின், 1937இல் லூயி வெல்லும்வரை, 22 ஆண்டுகள் எந்தக் கருப்பருக்கும் பட்டச் சண்டையில் இடம் இல்லை. ஹாரி வில்ஸ் டெம்ப்சியுடன் மோத ஒப்பந்தமே எழுதப்பட்டும், அச்சண்டை நடைபெறவில்லை.

இவர்களுள் என் மனத்தை மிகவும் வருத்துபவர் சாம் லாங்ஃபர்டு. கனடாவில் பிறந்தவர், குட்டையானவர், தம்மினும் மிகப் பெரியவர்களைச் சாய்த்தவர். 1906இல், இளைஞராயிருந்தபோது, ஜான்சனிடம் பதினைந்து சுற்றில் தோற்றார். பின் அவர் முழு வலிமை பெற்றபோது ஜான்சன் சாம்பியனாகிவிட்டிருந்தார். கதவு அடைக்கப்பட்டதன் வேதனையை அறிந்த அதே ஜான்சன், லாங்ஃபர்டுக்கு மறுபோட்டி தரவேயில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் வசூல் மிகுதி என்பது ஒரு காரணம். லாங்ஃபர்டின் இடக்கை மற்றொரு காரணமாயிருக்கலாம். பட்டச் சண்டை மறுக்கப்பட்ட கருப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு பிழைத்தார்கள். லாங்ஃபர்டும் வில்சும் மட்டும் பதினைந்து முறைக்கு மேல் மோதினார்கள். அந்த அடிகளில் லாங்ஃபர்டின் பார்வை போயிற்று. முக்கால் குருடரான பின்னும் அவர் களத்தில் இறங்கினார்.

1944இல் நியூயார்க் செய்தியாளர் ஒருவர் அவரைத் தேடி ஹார்லெம் பகுதிக்குப் போனார். அவர் இறந்துபோய்விட்டார் என்றே பலர் சொன்னார்களாம். செய்தியாளர் விடாமல் தேடி, ஒரு சிற்றறையில் பார்வையற்று, கையில் காசின்றி இருந்த முதியவரைக் கண்டுபிடித்தார். அவர் எழுதியதைப் படித்த மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த நிதியின் உதவியோடு லாங்ஃபர்டு 1956 வரை வாழ்ந்திருந்தார்.