போர்ட் என்ற சொல் வந்த வழி

(விழிஞ்ஞத்தில் படிப்போர் கூட்டத்தில் பேசியது)



‘போர்ட்’ என்று தினமும் சொல்கிறோம். தமிழில் துறைமுகம், மலையாளத்தில் துறமுகம். துறை என்றால் தண்ணீரில் இறங்கும் இடம். போர்ட் என்றால் என்ன? அது ஆங்கிலச் சொல். ஆனால் ஆங்கிலேயர் உண்டாக்கிய சொல் அல்ல. லத்தீனில் இருந்து எடுத்துக்கொண்டார்கள்.

லத்தீன் உங்களில் பலருக்குப் புதிதல்ல. சான்றிதழில் ‘லத்தீன் கத்தோலிக்கர்’ என்று எழுதுகிறார்கள் அல்லவா? அந்த லத்தீன்தான். பழைய ரோமாபுரியின் மொழி. 1960-கள் வரை கோயில்களில் பூசை அந்த மொழியில் நடந்தது. பாட்டிமாரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

லத்தீனில் ‘போர்ட்டுஸ்’ என்றால் துறைமுகம். ‘போர்ட்டா’ என்றால் வாசல். இரண்டும் ஒரே வேரில் வந்தவை. துறைமுகம் கடலுக்கு வாசல்தானே! ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து போவது. ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவரைப் போர்ட்டர் என்பது அதனால்தான். சரக்கு உள்ளே வந்தால் இம்போர்ட். வெளியே போனால் எக்ஸ்போர்ட். துபாய்க்குப் போகிறவர் கையில் பாஸ்போர்ட். போர்ச்சுகல் நாட்டின் பெயரிலும் இந்தத் துறைமுகம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. வேலை விளம்பரங்களில் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்று போடுவார்கள். வாய்ப்பு என்று பொருள். இதற்குள்ளும் போர்ட்டுஸ் ஒளிந்திருக்கிறது. ‘துறைமுகத்தை நோக்கி’ என்பது அதன் பழைய பொருள். படகைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும் காற்றுதான் நல்ல காற்று. அதில் இருந்தே நல்ல தருணம் என்ற பொருள் வந்தது. ரோமாபுரிக்காரர் சொல்லி நமக்குத் தெரிய வேண்டுமா? எஞ்சின் இல்லாத காலத்தில் அதிகாலையில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போனார்கள். பகல் சாய்ந்ததும் கடற்காற்றில் திரும்பினார்கள். அந்தக் கடற்காற்றுதான் ஆப்பர்ச்சூனிட்டி.

இங்கே 2024 ஜூலையில் ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன், 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை கடற்கரை மக்கள் போராடினார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்றார்கள். அந்தக் கேள்விகள் சின்னவை அல்ல.

சரக்கு வருகிறது, போகிறது. கரையில் இருப்பவர்க்கு என்ன வேலை, எத்தனை பேருக்கு? அடுத்த முறை பலகையில் அறிவிப்பு ஒட்டும்போது, ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்ற சொல்லுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நாமே வாசித்துப் பார்ப்போம்.