தூக்குக் கயிறும் சமநீதியும்



தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கின்றீர்கள். கொலை செய்தவனுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. அவனைக் கொல்லுவது பாவமா, புண்ணியமா என்கின்ற வேதாந்தமும் எனக்கு வேண்டியதில்லை. ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டனை கிடைக்கின்றதா என்பது மாத்திரமே என் கேள்வி.

பார்ப்பானுக்கு மரண தண்டனைக்குப் பதில் தலையை மொட்டையடித்தால் போதும் என்று மனு எழுதி வைத்தான். நல்ல தண்டனை! மயிர் மறுபடியும் முளைத்துவிடும். இன்றோ, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்லுகின்றது. 1980-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், தூக்குத் தண்டனை அரசியல் சட்டத்திற்கு விரோதமல்ல, ஆனால் அபூர்வத்திலும் அபூர்வமான வழக்கிலேயே விதிக்க வேண்டும் என்றார்கள். பகவதி என்னும் நீதிபதி ஒருவர் மாத்திரம், இது நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்து விழுகின்ற தண்டனையாதலால் சமத்துவத்திற்கு விரோதம் என்றார். என்னைக் கேட்டால் அந்த ஒருவர் சொன்னதே சரி. ஏன் என்று கேட்பீர்கள். சொல்லுகின்றேன்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேரைக் கொன்றதாக மூன்று பேருக்குத் தூக்கு விதித்தார்கள். ஹைக்கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. மூவரும் தனித்தனியே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1976-ல் முதலாமவன் மனு தள்ளுபடி. 1977-ல் வேறு நீதிபதிகள் இரண்டாமவனுக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். 1978-ல் இன்னும் வேறு நீதிபதிகள் மூன்றாமவன் மனுவைத் தள்ளினார்கள். அவன் மறுபரிசீலனை கேட்டபோது, இரண்டாமவனுக்குத் தண்டனை குறைந்த விஷயம் கோர்ட்டு ஆபீஸ் குறிப்பிலேயே இருந்தும் நீதிபதிகளுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. மூவரின் பங்கும் ஒன்றே என்று பின்னால் அதே கோர்ட்டுதான் சொல்லிற்று!

சிறைத் தண்டனையில் இப்படித் தப்பு நேர்ந்தால் கதவைத் திறந்து விடலாம். இங்கு என்ன நடந்தது? 1981 அக்டோபர் 6-ந்தேதி முதலாமவனையும் மூன்றாமவனையும் தூக்கிலிட நாள் குறித்தாய்விட்டது. மூன்றாமவன் கடைசி நேரத்தில் ஒரு மனுப் போட்டுத் தடையுத்தரவு வாங்கினான். முதலாமவன் மனுப் போடவில்லை. குறித்த நாளில் தூக்கிலிட்டுவிட்டார்கள். மூன்றாமவன் தண்டனையைக் குறைக்குமாறு 1982 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே குடியரசுத் தலைவருக்குச் சிபாரிசு செய்தது. முதலாமவனுக்காக யாரிடம் சிபாரிசு செய்வது?