கார்டும் போனும் பேசிக்கொள்ளும்போது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு உள்கடன் நிலுவை பற்றிப் பேசுவதாகத்தான் இருந்தது. அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். போன வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே கேட்ட ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது.

அந்தக் குழுவில் ஒரு அக்காவுக்குப் போன் வந்திருக்கிறது. "பேங்க்ல இருந்து பேசறோம். உங்க ஏ.டி.எம். கார்டு நாளையோட முடங்கிடும். ஒரு ஆப் அனுப்பறோம், அதை ஏத்துங்க. கார்டை எடுத்து போனோட முதுகுல ஒட்டி வையுங்க. அப்புறம் நாலு நம்பரைப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா அப்படியே செய்துவிட்டார். நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "ஓ.டி.பி. கேட்டாச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் கொடுத்தீங்க. அவங்க ஓ.டி.பி. கேக்கவே இல்லீங்க. கார்டு நம்பர்கூடக் கேக்கல. அதனால நிஜ பேங்க்தான்னு நினைச்சுட்டேனுங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தப்பு அக்காவுடையது இல்லை, நாம் சொல்லிக் கொடுத்த பாடத்தில்தான் ஓட்டை. நல்லவேளையாகப் பணம் போகவில்லை. மகன் போட்டுக் கழித்த பழைய போன் அது. கார்டைப் படிக்கும் வசதியே அதில் இல்லை. ஆனால் பின் நம்பர் அந்த ஆப் வழியாகப் போயிருக்கும் அல்லவா? அன்றைக்கே ஆப்பை எடுத்துவிட்டு, வங்கியில் தகவல் சொல்லி, பின் நம்பரை மாற்றிவிட்டு வந்தோம்.

இப்போது உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது நம்மில் நிறையப் பேருக்குப் புது ஏ.டி.எம். கார்டு வந்தது. கார்டின் மேல் வளைவு வளைவாக நாலு கோடு, பிறை நிலாவை வரிசையாக அடுக்கின மாதிரி இருக்கிறதா? அது இருந்தால் அந்தக் கார்டு தொடாமலே பேசும் கார்டு. கடையில் மிஷினுக்குள் சொருகாமல் மேலே காட்டினாலே போதும்.

எப்படிப் பேசுகிறது? கார்டுக்குள் பேட்டரி கிடையாது. பம்ப்செட் மோட்டாருக்கு ரீவைண்டிங் கடையில் செப்புக் கம்பி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி மெல்லிசாக ஒரு கம்பிச் சுற்று, கார்டின் ஓரத்தை ஒட்டி உள்ளே ஓடுகிறது. கடை மிஷினிலும் ஒரு சுற்று இருக்கிறது, சில போன்களின் முதுகிலும் இருக்கிறது. ரெண்டும் கிட்டே வந்தால், மிஷினிலிருந்து வரும் அலையே கார்டுக்குக் கரண்ட். அந்தக் கரண்டில் உள்ளே இருக்கிற சிப் முழித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். கேட்காமல் தானாக எதுவும் சொல்லாது. தூரம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், அதாவது ரெண்டு விரல்கடை. இந்த முறைக்கு என்.எஃப்.சி. என்று பெயர்.

அந்தக் குழுவில் என் கார்டையே என் போனில் வைத்துக் காட்டினேன். கார்டு படிக்கும் ஆப் ஒன்றைத் திறந்ததும் கார்டு நம்பர் வந்தது, முடிகிற மாதமும் வருடமும் வந்தது. பின்பக்கம் இருக்கிற மூன்று இலக்க எண் வரவில்லை, பின் நம்பர் வரவில்லை, என் பெயரும் வரவில்லை.

"நம்பர் வந்துட்டாப் போதாதா, அதை வெச்சுப் பணம் எடுத்துற மாட்டாங்களா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. நம் குழுக் கணக்கில் எப்படிப் பணம் எடுக்கிறோம்? தீர்மானம் எழுதி, தேதியும் தொகையும் போட்டு, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு நகலைக் கொடுக்கிறோம். போன மாதத் தீர்மானத்தை ஒருத்தி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனால் இந்த மாதம் பணம் கிடைக்குமா? கிடைக்காது. கார்டும் அதைத்தான் செய்கிறது. மிஷின் தொகையைச் சொல்லி, கூடவே ஒரு புது எண்ணையும் அனுப்பும். சிப் தன்னிடம் இருக்கிற ரகசியச் சாவியை வைத்து அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். வங்கி அதைச் சரிபார்த்தால்தான் பணம். அடுத்த தடவைக்கு அது செல்லாது. சாவி கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

அப்படியென்றால் அந்தப் போன்காரன் என்னத்துக்குக் கார்டைப் போனில் வைக்கச் சொன்னான்? இங்கேதான் கவனிக்க வேண்டும். அவனுக்கு ஜெராக்ஸ் வேண்டாம். புதுத் தீர்மானத்தில் உங்கள் கையெழுத்தே வேண்டும். அவனுடைய கூட்டாளி வேறு ஊரில் ஒரு மிஷின் முன்னால் தன் போனை வைத்துக்கொண்டு நிற்பான். மிஷின் கேட்கிற கேள்வி அவன் போன் வழியாக இன்டர்நெட்டில் உங்கள் போனுக்கு வரும். உங்கள் போன் அதை முதுகில் இருக்கிற கார்டிடம் கேட்கும். கார்டுக்கு என்ன தெரியும், பாவம். பதில் சொல்லும். அந்தப் பதில் திரும்ப அங்கே போகும். ரெண்டு விரல்கடை தூரம் ரெண்டாயிரம் மைல் ஆகிவிட்டது. கூடவே நீங்கள் போட்ட நாலு நம்பரும் போயிருக்கும்.

இது கற்பனை இல்லை. ஐரோப்பாவில் செக் நாட்டில் 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் வங்கி வாடிக்கையாளர்களிடம் இதே வேலையைச் செய்தார்கள். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2024 ஆகஸ்டில் இதை வெளிப்படுத்தி, அந்தத் திருட்டு ஆப்புக்கு என்கேட் என்று பெயர் வைத்தது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்த ஒரு கருவியைத்தான் திருடர்கள் தங்கள் வேலைக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

பயப்பட வேண்டியது இதற்கு. நாம் பயப்படுவதோ வேறு எதற்கோ. மல்லூர் பக்கம் ஒரு அம்மா, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவன் உறிஞ்சிவிடுவான் என்று புரோட்டா பார்சல் வந்த வெள்ளித்தாளில் கார்டைச் சுற்றிச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். வெள்ளித்தாள் அலையைத் தடுக்கும், அது உண்மைதான். சிரிக்காதீர்கள், அந்த அம்மா எங்கேயோ சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் அவ்வளவு நெருக்கமாக மிஷினை வைத்துத் தொகை அடித்து எடுக்க, அவன் வங்கியில் பதிவு செய்த வியாபாரியாக இருக்க வேண்டும், பணம் அவன் பெயரில் கணக்கில் ஏறும்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர் வீடுகளில் ஃபாஸ்டாக் பற்றியும் இப்படி ஒரு பயம் உண்டு. கண்ணாடி துடைக்கிற பையன் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பணம் எடுக்கிறான் என்று 2022 ஜூனில் ஒரு வீடியோ சுற்றியது. பொய் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகமே விளக்கம் கொடுத்தது. ஃபாஸ்டாக் வேறு அலையில் ஓடுகிறது, நம் போனால் அதைப் படிக்க முடியாது. பணமும் பதிவு செய்த டோல்கேட், பார்க்கிங் கணக்குகளுக்குத்தான் போகும்.

2017-ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் கார்டையும், மாட்டின் காதில் போடுகிற 12 இலக்க மஞ்சள் வில்லையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதிலெல்லாம் கேமரா பார்த்துப் படிக்கிற கட்டமோ கோடோதான். அலை கிடையாது.

இனிச் செய்ய வேண்டியது. சொருகாமல் காட்டும் முறையில் பின் நம்பர் போடாமலே 5000 ரூபாய் வரை போகும். முன்பு 2000 இருந்தது, 2021 ஜனவரி 1-லிருந்து ரிசர்வ் வங்கி உயர்த்தியது. ஆனால் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டில் இந்த வசதி மூடியேதான் வர வேண்டும், வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பிலோ ஏ.டி.எம். மிஷினிலோ திறக்கலாம், மூடலாம், தொகை வரம்பும் வைக்கலாம். சேலம் கடைவீதிக்கு மாதம் ஒருமுறை போகிறவருக்கு அது எதற்கு? மூடிவையுங்கள். மூடியிருந்தால் மேலே சொன்ன திருட்டையும் வங்கி மறுத்துவிடும். திறந்து வைத்திருக்கிற பெட்டிக்கடை, ஜவுளி வியாபாரச் சகோதரிகள் வரம்பைக் குறைத்து வையுங்கள்.

கார்டு கடை மிஷினுக்கு மேலே போகட்டும். உங்கள் சொந்தப் போனின் முதுகுக்கு, யாரோ போனில் சொல்லிப் போகவே கூடாது. பின் நம்பரை வாயால் சொல்லாமல் ஆப்பில் அடித்தாலும் சொன்னதுதான்.

ஏமாந்துவிட்டால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வீட்டுக்காரர் திட்டுவார் என்று ரெண்டு நாள் மறைத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதியில், நாமே பின் நம்பரைக் கொடுத்துவிட்டால், புகார் சொல்லும் வரை போனது நம் நட்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று இருந்தது. அந்த ரெண்டு நாள் எவ்வளவு பெரிய காசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் கவருக்குள்ளேயே கார்டை வைக்கலாமா என்று வெண்ணந்தூர் அக்கா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் அக்கா. போன் தொலைந்தால் ரெண்டும் சேர்ந்து போகும். படிக்கிற போனாக இருந்தால் முதுகில் ஏற்கெனவே கார்டு தயாராக ஒட்டிக்கொண்டும் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் கார்டும் போனும் கொண்டுவாருங்கள். யார் போனில் என்.எஃப்.சி. இருக்கிறது, யார் கார்டில் வசதி திறந்திருக்கிறது என்று வரிசையாக உட்கார்ந்து பார்த்துவிடுவோம். பின் நம்பரை மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்.