தூண்டில் கோலை உடையாமல் அனுப்புவது எப்படி?

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் மைக்கைப் பிடித்தால் டெபாசிட் வட்டியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று ஃபிஷிங் ராடு பார்சல் கட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். இதில் எனக்கு 1,800 ரூபாய் நஷ்டம் ஆகியிருக்கிறது.

நம் குடியிருப்பில் ஒரு நண்பர் இருந்தார். ஞாயிறு காலையில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். மடவை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா என்று ஏதாவது கொண்டு வருவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததே, அதன் பிறகு போவதைக் குறைத்துக்கொண்டார். போன வருடம் அவர் காலமானார். வீட்டில் நான்கு கோல்கள் இருந்தன. அவர் மனைவி என்னிடம், "அண்ணா, இதை விற்றுக் கொடுங்க. பரணில் கிடந்து வீணாப் போகுது" என்றார்.

முதல் கோலைத் தூத்துக்குடியில் ஒருவர் வாங்கினார். பழைய பேப்பரைச் சுற்றி, மேலே அட்டை வைத்து, சணல் கட்டி கூரியரில் கொடுத்தேன். கவுண்டரில் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். "சும்மா இருநூறு போடுங்க" என்றேன். முப்பத்தைந்து வருடம் சலானில் ஒரு பைசா தப்பாக எழுதாதவன் சொன்ன வார்த்தை அது. நான்காம் நாள் வாங்கியவரிடமிருந்து போட்டோ வந்தது. நுனியிலிருந்து ஒரு சாண் கீழே கோல் முறிந்திருந்தது. கேட்க எனக்கு வாயே இல்லை. மதிப்பைக் குறைத்து எழுதியவன் நான், சரியாகக் கட்டாதவனும் நான். வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கையிலிருந்து கொடுத்தேன்.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

இப்போது வரும் கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழை அல்லது கண்ணாடி இழை. மீன் இழுக்கும்போது வில்லாக வளையும், ஒன்றும் ஆகாது. ஆனால் பக்கவாட்டில் ஒரு அடி விழுந்தால் கார்பன் தாங்காது. சின்னக் கீறல் விழுந்தால்கூட அன்றைக்குத் தெரியாது. வாங்கியவர் பெரிய மீனை இழுக்கும்போது அந்த இடத்தில் முறியும். அதனால் வளையாமல் பார்த்துக்கொள்வது மட்டும் போதாது, அடி படாமலும் காக்க வேண்டும்.

முதலில் ரீலைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். நரம்பு, முள் எதையும் கோலில் விடாதீர்கள். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அதை விற்பதற்கு முன்பே வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கோல் இரண்டு துண்டாக இருந்தால் தலைமாற்றி வையுங்கள். ஒன்றின் மெல்லிய நுனி, மற்றதன் தடித்த பிடிக்குப் பக்கத்தில் வரட்டும். இடையில் துணி கொடுத்து மூன்று நான்கு இடத்தில் மென்மையாகக் கட்டுங்கள். வளையத்தின் மேல் கட்டாதீர்கள். நுனிக்குப் பழைய பேனா மூடி போதும். பிறகு முழுவதும் பபிள் ரேப் சுற்றுங்கள்.

அடுத்தது குழாய். ஹார்டுவேர் கடையில் 75 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் வாங்கி, கோலைவிட நான்கு விரல் அதிகமாக அறுத்துக்கொள்ளுங்கள். செலவு வேண்டாம் என்றால் எம்.சி. ரோடு துணிக்கடையில் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாய் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் அட்டை என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை கட்டாயம். குழாயின் இரண்டு முனையிலும் ஸ்பான்ஜ் அடைத்து, மூடி போட்டு, டேப் சுற்றுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். வாங்குபவர் ரம்பத்தை எடுத்தால் உள்ளே இருப்பதும் அறுபடும்.

பிறகு குழாயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் இன்னும் கட்டி முடியவில்லை என்று அர்த்தம்.

உருண்டைக் குழாய் உருளும், மேசையிலிருந்து கீழே விழும். இரு முனையிலும் சதுர அட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் நிற்கும். முகவரியை வெளியே ஒட்டுவதோடு, உள்ளேயும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். கட்டுவதை செல்போனில் வீடியோ எடுங்கள். பிரிக்கும்போது வாங்குபவரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி என் பழைய தொழில், கணக்கு. பல கூரியர்கள் எடையோடு அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. எடை, அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஏழு அடிக் கோலை இரண்டு துண்டாக 115 × 9 × 9 குழாயில் வைத்தால் சுமார் 1.9 கிலோ. அதையே 115 × 20 × 15 அட்டைப் பெட்டியில் வைத்தால் 6.9 கிலோ. பிரிக்க முடியாத ஒரே கோலுக்கு 220 சென்டிமீட்டர் குழாய் வேண்டும், 3.6 கிலோ ஆகும். அவ்வளவு நீளத்தை எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். குழாயை அறுப்பதற்கு முன்பே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பை உள்ளபடி எழுதுங்கள். தபால் துறையிலும் பார்சலை இன்சூர் செய்யலாம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதன்படி, கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பைப் பதியாவிட்டால் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. வழக்குப் போடுவதற்கு முன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணம் வந்த பிறகே பார்சல். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள்" என்று ஒருவர் எனக்கும் சொன்னார். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

இப்படிக் கட்டி இன்னும் இரண்டு கோல்களை அனுப்பினேன். இரண்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. முதல் கோல் முறிந்த கதையையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவர் இருந்திருந்தா உங்களை நல்லாத் திட்டியிருப்பார் அண்ணா" என்று சிரித்தார். நான்காவது கோலை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேரன் கேட்கிறானாம். அது மூங்கில் கோல், விலையும் அதிகம் வராது.

மீதமான பைப் துண்டுகளும் மூடிகளும் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றன. தூண்டில் கோல் என்றில்லை, கிரிக்கெட் ஸ்டம்பு, சுருட்டிய படம், புல்லாங்குழல் எது அனுப்புவதென்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத் தெரியாவிட்டால் மாலையில் வாருங்கள், சேர்ந்து கட்டுவோம்.